ஒரு குவளை நேரம்

ராக் கூட்டத்தில் ஹினெக்கிடம் திட்டு வாங்காதவன் என்று ஒருவன் இருந்தால், அவன் நேற்றுத்தான் சேர்ந்திருக்க வேண்டும்.

ராக் என்பது ஆற்றில் கல்லுக்கடியில் கிடக்கிற ஒரு ஜந்து. இறாலுக்கும் நண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று. கொடுக்கு ஒடிந்தால் மறுபடி முளைத்துவிடும். ப்ர்னோ நகரத்தில் ஒரு கூட்டம் தாங்களே எழுதிய இயங்குதளத்துக்கு அந்தப் பெயரை வைத்திருந்தது. காசு கிடையாது, யார் வேண்டுமானாலும் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம். மற்ற இயங்குதளங்களில் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி நடுவில் வைத்திருப்பார்கள். வட்டை ஓட்டும் நிரலில் ஒரு பிழை என்றால் மொத்தக் கணினியும் மல்லாந்துவிடும். ராக்கில் நடுக்கரு உள்ளங்கை அளவுதான். வட்டு, விசைப்பலகை, வலை எல்லாம் அதற்கு வெளியே தனித்தனி நிரல்கள். எது செத்தாலும் காவல்காரன் என்றொரு நிரல் அதே இடத்தில் புதிதாக ஒன்றை எழுப்பி நிறுத்திவிடும். பக்கத்தில் ஒன்று செத்தது மற்றவற்றுக்குத் தெரியவே தெரியாது.

அந்தக் காவல்காரனை எழுதியவன் ஹினெக். பகலில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்தான், அது சோற்றுக்கு. மீதி உயிர் முழுவதும் ராக்குக்கு. மனைவி போகும்போது, "உன் நண்டையே கட்டிக்கிட்டு அழு" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவனும் கட்டிக்கொண்டான். அழவில்லை, அவ்வளவுதான்.

ராக்கைப் பயன்படுத்துகிறவர்களை உலகம் முழுக்கத் திரட்டினாலும் ஒரு டிராம் வண்டி நிரம்பாது. அந்தக் கொஞ்சம் பேரிலும் யாராவது "ஐயா, என் ஃபைல் போயிடுச்சு" என்று எழுதினால் ஹினெக்கிடமிருந்து உடனே பதில் வரும்: "பேக்கப் எடுக்காதவங்களுக்கு ஃபைல் எதுக்கு?" இந்த ஒரு வரியைத் தானே அடித்துவிட, விசைப்பலகையில் ஒரு விசையையே ஒதுக்கி வைத்திருந்தான். கூட்டத்தில் இது பெரிய நகைச்சுவை. திட்டு வாங்கினவர்கள் எத்தனை பேர் திரும்பி வரவில்லை என்று யாரும் பார்க்கவில்லை.

ஆண்டுக்கு ஒரு தடவை, அக்டோபரில் ஒரு சனிக்கிழமை மதியம், ஷிதெனிட்ஸே பகுதியில் ஒரு பீர்க்கடையின் பின்னறையில் அவர்கள் கூடுவார்கள். அங்கே விசாரணை நடக்கும். அந்த ஆண்டின் மிக மோசமான பிழைக்குக் காரணமானவனை நாற்காலியில் உட்கார வைத்து, தலையில் வடிதட்டைக் கவிழ்த்து, வாய் வலிக்கும்வரை கிண்டல் அடிப்பார்கள். சாயங்காலம்வரை அவன் அந்த வடிதட்டோடு திரிய வேண்டும். வெறும் விளையாட்டாகத்தான் ஆரம்பித்தது. அதற்கு விதிகள் எழுதிக் கொடுத்து விளையாட்டைக் கெடுத்தவன் ஹினெக்.

குற்றவாளியைப் பிடிப்பதற்கு "பாதி போடுவது" என்று ஒரு வழி வைத்திருந்தார்கள். போன மாதம் எல்லாம் நன்றாக ஓடியது, இந்த மாதம் கெட்டுவிட்டது. நடுவில் ஏகப்பட்ட திருத்தங்கள். அந்த வரிசையின் நடுவில் ஒன்றை எடுத்து ஓட்டிப் பார்ப்பார்கள். அங்கே சரியாக இருந்தால் கோளாறு பின்பாதியில், இல்லாவிட்டால் முன்பாதியில். அந்தப் பாதியை மறுபடியும் பாதி. இப்படியே போனால் கடைசியில் ஒரே ஒரு திருத்தமும் அதன் தலையில் ஒரு பெயரும் மிஞ்சும். அந்தப் பெயர்க்காரனுக்கு வடிதட்டு.

இதில் ஒரு கோளாறு உண்டு, அது அவர்களுக்குத் தெரியாமலும் இல்லை. பாதி போட்டால் எப்போது கெட்டது என்பது தெரியும். யார் கெடுத்தார் என்பது தெரியாது. ஒருவன் சுவரில் ஓட்டை வைத்துவிட்டுப் போயிருப்பான். இன்னொருவன் வந்து விளக்கைப் போட்டிருப்பான். விளக்கைப் போட்டவன் கழுத்தைப் பிடித்தால் எப்படி? ஆனால் இயந்திரம் சொல்லிவிட்டது என்பதில் ஒரு சுகம் இருந்தது. யாரும் யோசிக்க வேண்டாம் அல்லவா.

ஹினெக்கின் விதிகள் இவை. குற்றவாளி வாயால் விளக்கம் சொல்லக் கூடாது. மேசைமேல் இருக்கிற மடிக்கணினியில், தன்னுடைய திருத்தத்தை எடுத்துவிட்ட பிறகும் அதே பிழை வருகிறது என்று ஓட்டிக் காட்ட வேண்டும். யாருடைய கோப்பு அழிந்ததோ அவருக்கு ஒரு குவளை பீர் வைக்கப்படும். அவர் குடித்து முடிப்பதற்குள் காட்டிவிட வேண்டும். கோப்பு அழிந்த வழக்கில் காட்ட முடியாமல் போனால், மூலநிரலைத் திருத்த அனுமதி தரும் சாவி பறிக்கப்படும். மேல்முறையீடு கிடையாது.

கடைசி விதியை ஹினெக் கமிலுக்காகவே எழுதினான். கமில் அப்போது வட்டு நிரலைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஹினெக்கின் கணினியில் ஒரு கோப்பு பாழானது, பாதி போட்டார்கள், கமிலின் பெயர் வந்தது. வடிதட்டைத் தலையில் வைத்துக்கொண்டு கமில், "தப்பு டிஸ்க்ல இல்ல, கிடங்குல இருக்கு, ஓட்டிக் காட்டுறேன் இருங்க" என்று கிடங்கு என்ற இன்னொரு நிரலைக் குற்றம் சொல்லி, மடிக்கணினியில் என்னவோ தட்டிக்கொண்டிருந்தான். கோப்பு ஹினெக்குடையது என்பதால் குவளையும் ஹினெக் கையில்தான் இருந்தது. அவன் அதை அப்படியே வாயில் கவிழ்த்து ஒரே மூச்சில் முடித்தான். மீசையில் நுரையைத் துடைத்துக்கொண்டு, "நேரம் முடிஞ்சுது தம்பி, கடையைக் கட்டு" என்றான். அறையே இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. கமில் வடிதட்டை மேசைமேல் வைத்துவிட்டுப் போனான். அதன்பின் ஆண்டுகள் ஓடிவிட்டன.

இந்த ஆண்டு பாதி போட்டவள் யார்மிலா. கூட்டத்தில் சோதனைகள் எல்லாம் அவள் பொறுப்பு. யாருக்கும் சலுகை காட்டாத பெண். விசாரணைக்கு நான்கைந்து நாள் முன்னால் ஹினெக்கைக் கூப்பிட்டாள்.

"உன் பேருதான்பா வந்திருக்கு."

"விளையாடாத."

"மூணு தடவை போட்டுட்டேன். நீ கோடைல காவல்காரனை வேகப்படுத்தினியே, அந்தத் திருத்தம். அது வந்தப்புறம்தான் ஃபைலுக்குள்ள எல்லாம் பூஜ்ஜியமா எழுதுது."

"போயிருக்கிறது யாரோட ஃபைல்?"

"த்ரெபீச்ல ஒரு அம்மா. லுத்மிலான்னு பேரு. தலைவர் ராதொவன் அவங்களை விசாரணைக்கே கூப்பிட்டிருக்கார். தலையைச் சீவிக்கிட்டு வா, வடிதட்டு நல்லா உக்காரும்."

ஹினெக் அன்று சாப்பிடவில்லை. வடிதட்டுக்காக அல்ல. கோப்பு அழிந்த வழக்கு, சாவி போகும். சாவி போனால் காவல்காரன் போவான். காவல்காரன் போனால் ஹினெக் என்று சொல்லிக்கொள்ள என்ன இருக்கிறது? காப்பீட்டு நிறுவனத்தில் மூன்றாவது மாடியில் ஒரு நாற்காலி இருக்கிறது.

உட்கார்ந்து மூலநிரலை வரி வரியாகப் படித்தான். இரண்டாம் நாள் பிடிபட்டது. தப்பு காவல்காரனில் இல்லை. கிடங்கில் இருந்தது. வட்டில் எழுத வேண்டியதைக் கொஞ்ச நேரம் தேக்கி வைத்துக்கொள்ளும் நிரலுக்குக் கிடங்கு என்று பெயர். அதை எழுதியவர் ராதொவன். ராக்கை ஆரம்பித்தவர், கூட்டத்தின் தலைவர், ஒவ்வொரு விசாரணைக்கும் நீதிபதி. கிடங்கு, எழுத வேண்டியது அடங்கிய ஒரு தாளை வட்டு நிரலிடம் இரவல் கொடுக்கும். வட்டு நிரல் நடுவில் செத்தால், செத்தவன் கையில் இருந்ததை எல்லாம் நடுக்கரு துடைத்து வெறுமையாக்கிவிடும். கிடங்கு அந்த வெற்றுத்தாளையே திருப்பி வாங்கி, புதிதாக எழுந்த வட்டு நிரலிடம் "இதை எழுது" என்று கொடுத்துக்கொண்டிருந்தது. முன்பெல்லாம் காவல்காரன் மெதுவாக எழுப்புவான். அதற்குள் கிடங்கு பொறுமை இழந்து தாளைத் தூக்கிப் போட்டுவிடும், அதனால் தப்பு எப்போதாவதுதான் தலைகாட்டும். ஹினெக் காவல்காரனை வேகப்படுத்தினான், தப்பு நடுத்தெருவுக்கு வந்துவிட்டது.

ஓட்டை ராதொவனுடையது. விளக்கைப் போட்டவன் ஹினெக்.

இதை விசாரணையில் காட்ட வேண்டுமே. தன் திருத்தத்தை எடுத்துவிட்டால் பிழை ஒளிந்துகொள்ளும். இரண்டு நாளைக்கு ஒருமுறை வந்தால் பெரிது. ஒரு குவளை பீருக்குள் எப்படி வரவழைப்பது? எங்கே தாள் வெறுமையாகிறது என்று பார்க்க நடுநடுவே செய்தி எழுதச் சொன்னால், அந்தத் தாமதத்திலேயே பிழை மறைந்துவிடுகிறது. ஹினெக் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் கமிலின் குரல் நினைவுக்கு வந்தது. தப்பு டிஸ்க்ல இல்ல, கிடங்குல இருக்கு, ஓட்டிக் காட்டுறேன் இருங்க.

அவனுக்கு வெட்கமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறீர்களா? இல்லை. அவனுக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான்: அன்று ஓட்டிக் காட்ட முயன்ற நிரலைக் கமில் இன்னும் வைத்திருப்பானா?

கமில் ஊருக்கு வெளியே தன் தோட்டத்தில் ஊதாப்பிளம் பழம் காய்ச்சிக்கொண்டிருந்தான். பெரிய செப்புக் கொப்பரை, கீழே விறகு. ஹினெக் வேலிக் கதவைத் திறந்ததும் நிமிர்ந்து பார்த்தான்.

"அடடே, துரை! வழி தெரியாம வந்துட்டீங்களா?"

"கமில், ஒரு முக்கியமான விஷயம்..."

"முதல்ல இந்தத் துடுப்பைப் பிடி. நிறுத்தினா அடிப்பிடிச்சிடும். காலைலேர்ந்து கிண்டிக் கை போச்சு."

ஹினெக் துடுப்பை வாங்கிக் கிண்டினான். கொழகொழவென்று கொதிக்கிற பழம் வெடித்துத் தெறித்துப் புறங்கையில் ஒட்டியது. உதறினான். கமில் பார்த்துக்கொண்டே ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து கால் நீட்டினான்.

"சொல்லு."

"நீ அப்ப ஒரு டெஸ்ட் எழுதினியே... கிடங்கு தப்பைக் காட்டுறதுக்கு..."

"எந்த டெஸ்ட்? நீ பீரை ஒரே மடக்குல கவுத்தியே, அப்ப ஓடிக்கிட்டிருந்ததா?"

ஹினெக் துடுப்பை இன்னும் வேகமாகத் தள்ளினான்.

"பாதி போட்டதுல உன் பேரு வந்திருக்கு. அதானே?" கமிலுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "ஐயோ, ஐயோ. இதைக் கேக்குறதுக்குத்தான் உயிரோட இருந்தேன் போல."

"சிரிச்சுக்கோ. இருக்கா இல்லையா, அதை மட்டும் சொல்லு."

"இருக்கு. நல்ல டெஸ்ட்டுடா அது. கிடங்கை மூச்சு முட்ட நிரப்பிட்டு, அந்த நேரம் பாத்து டிஸ்க் நிரலைக் கொல்லும். திரும்பத் திரும்பக் கொல்லும். சில தடவை தப்பு உடனே வந்து விழும். சில தடவை இழுக்கும்." எழுந்து வந்து கொப்பரையை எட்டிப் பார்த்தான். "அடில நல்லா தள்ளிக் கிண்டு. தரேன், ஆனா ஒண்ணு. எல்லார் முன்னாடியும் இதை எழுதினது கமில்னு சொல்லணும். மன்னிப்பெல்லாம் வேண்டாம், அதை நீயே வச்சுக்கோ. பேரை மட்டும் சொல்லு."

"சொல்றேன்."

"சொல்லுவியா?"

"சொல்றேன்னு சொல்லிட்டேன்ல?"

கமில் வீட்டுக்குள் போனான். வெளியே வர வெகுநேரம் ஆனது. வேண்டுமென்றே தாமதித்தான் என்பது ஹினெக்குக்குத் தெரியும். ஆனாலும் துடுப்பை விடவில்லை. தோள் கழன்றுவிடும்போல் இருந்தது. கடைசியில் கமில் வந்து, ஒரு சின்னப் பென் டிரைவை அவன் சட்டைப்பையில் போட்டான்.

"இன்னொண்ணு. பீர் குடிக்கிறவங்களைக் கோவப்படுத்தாம இரு. உனக்கு அது கஷ்டம்தான், முயற்சி பண்ணிப் பாரு."

வீட்டுக்கு வந்து திறந்தால், நிரலின் முதல் வரியே "எழுதியவர்: கமில் வோந்த்ருஷ்கா" என்று இருந்தது. ஹினெக் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். கமில் பெயரைச் சொன்னால், அப்படியானால் அன்றைக்கு அவனை ஏன் துரத்தினாய் என்று கேட்பார்கள். யார் ஒரே மடக்கில் குடித்தது என்று கேட்பார்கள். முதலில் சாவி பிழைக்கட்டும், கமிலுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்த வரியை அழித்தான். ஓட்டிப் பார்த்தான். ஒரு தடவை உடனே விழுந்தது. அடுத்த தடவை ஒரு குளியல் போட்டுவிட்டு வருகிறவரை இழுத்தது.

சனிக்கிழமை பின்னறை நிரம்பி வழிந்தது. ஹினெக் நாற்காலியில் உட்கார்ந்ததும் யாரோ வடிதட்டைக் கவிழ்த்தார்கள். கைதட்டல் அடங்கவே இல்லை. அவன் நாக்கில் அடிபட்டவர்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள்.

"காது தெரியுதா பாரு, காதையும் மூடு!"

"இன்னும் பெரிய வடிதட்டு கேட்டிருக்கணும், தலைக்கனம் ஜாஸ்தி!"

லுத்மிலா அம்மா ராதொவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். குட்டையாக வெட்டிய நரைமுடி, கழற்றாத மழைக்கோட்டு, மடியில் துணிப்பை. தொலைபேசி நிலையத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு பாகம் விழுந்தாலும் முழுதும் விழாத இயந்திரங்களோடு வாழ்ந்தவர், அதனால்தான் ராக்கைப் பிடித்துப்போயிற்று என்று ராதொவனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். ஊறுகாய் போட்ட சாசேஜைத் தட்டில் வைத்து நகர்த்தினார்கள். அவர் தொடவில்லை.

யார்மிலா குற்றத்தைச் சொன்னாள். "அம்மாவோட வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போச்சு. திரும்பப் பேசப் பழகினார். அம்மா வாராவாரம் அதைப் பதிவு பண்ணி வச்சாங்க. வசந்தத்துல அவர் இறந்துட்டார். பதிவெல்லாம் ராக்ல இருந்துச்சு. கோடைல அம்மா அதையெல்லாம் புது டிஸ்குக்கு மாத்தினாங்க. இப்ப இருக்கிறது இது."

ஒரு கோப்பைத் தட்டி ஓட விட்டாள். கோப்பு பத்திரமாக இருந்தது, அதே நீளம், அதே பெயர். ஒலிபெருக்கியில் ஒன்றுமே வரவில்லை. உள்ளே முழுக்கப் பூஜ்ஜியம். அறையில் ஓரிருவர் சிரிக்கத் தயாராகிப் பிறகு அடக்கிக்கொண்டார்கள்.

"இந்த இடத்துல கரண்டின்னு சொல்வார்" என்றார் லுத்மிலா அம்மா. தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். "கரண்டி வந்துடும் அவருக்கு. அடுத்தது ஜன்னல். அது வராது. கோவம் வந்து மேசையைத் தட்டுவார்... இப்ப." சிறிது நேரம் கழித்து, "இங்க நான் சிரிப்பேன்" என்றார்.

யார்மிலா நிறுத்தினாள்.

ராதொவன் தொண்டையைச் செருமிக்கொண்டு விதியை விளக்கினார். நுரை தளும்பும் குவளை வந்தது. லுத்மிலா அம்மா அதைப் பார்த்துவிட்டு ஹினெக்கைப் பார்த்தார்.

"நான் குடிச்சு முடிக்கிறதுக்குள்ள இந்தத் தம்பி காட்டணுமா?"

"ஆமாம்மா."

"அப்ப மெதுவா குடிக்கிறேன். பாவம், நிதானமா காட்டட்டும்."

உதட்டை நனைக்கிற அளவுக்கு ஒரு வாய் குடித்துவிட்டுக் குவளையைக் கீழே வைத்தார். ஹினெக்குக்கு நெஞ்சில் பால் வார்த்ததுபோல் இருந்தது. மடிக்கணினியை இழுத்தான். எல்லோரும் பார்க்கும்படி தன் திருத்தத்தை எடுத்துவிட்டுப் பழைய காவல்காரனைப் போட்டான். பென் டிரைவைச் செருகி ஓட விட்டான். வட்டு நிரல் ஒவ்வொரு தடவை செத்துப் பிழைக்கும்போதும் திரையில் ஒரு புள்ளி விழுந்தது. புள்ளிகள் வரிசை கட்டின.

ராதொவன் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தார். "கிடங்கை நிரப்பிட்டுக் கொல்லுது. கெட்டிக்காரத்தனமா இருக்கே. யார் எழுதினது?"

"நான்தான்" என்றான் ஹினெக்.

யார்மிலா அவனைத் திரும்பிப் பார்த்தாள். கமிலின் விசாரணை அன்று அவன் தோளுக்குப் பின்னால் நின்று இதே புள்ளிகளைப் பார்த்தவள் அவள்.

புள்ளிகள் விழுந்துகொண்டிருந்தன. லுத்மிலா அம்மா இன்னொரு வாய் குடித்தார். குவளையில் முக்கால்வாசிக்கு மேல் மிச்சம் இருந்தது. பின்னால் யாரோ, "அந்தம்மா கிறிஸ்துமஸ் வரைக்கும் குடிப்பாங்க போல" என்றான். மெல்லிய சிரிப்பு. ஹினெக்குக்கும் தெம்பு வந்தது. விழும், கட்டாயம் விழும், இன்னும் கொஞ்சம்தான். கண் திரையை விட்டு அகலவில்லை.

"தம்பி" என்றார் லுத்மிலா அம்மா. குற்றம் சொல்லும் குரல் இல்லை அது. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். "நான் என்ன பண்ணியிருந்தா இது போகாம இருந்திருக்கும்?"

எத்தனை பேர் எத்தனை விதமாகக் கேட்ட கேள்வி. ஹினெக் திரையைப் பார்த்தபடியே இருந்தான். யோசிக்கவில்லை. விசையை அமுக்கினால் வருவதுபோல் வந்தது.

"பேக்கப் எடுக்காதவங்களுக்கு ஃபைல் எதுக்கு?"

பழக்க தோஷத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். சிரித்துவிட்டுத் தரையைப் பார்த்தார்கள். ஹினெக் நாக்கைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்தான். சொன்னதை அள்ளி எடுக்க முடியுமா?

"எடுத்தேனே" என்றார் லுத்மிலா அம்மா. "வாராவாரம் எடுத்தேன். பேக்கப் எப்படி எடுக்கணும்னு உங்க வலைப்பக்கத்துல போட்டிருந்த மாதிரியே, ஒரு எழுத்து விடாம. இன்னொரு டிஸ்க்ல, ராக்லயே எடுத்தேன். சத்தமில்லாததைத்தான் அது நகல் எடுத்து, நல்லா இருந்தது மேல போட்டுச்சு." ராதொவன் பக்கம் திரும்பினார். "அந்தப் பக்கத்தை எழுதினது யாருங்க?"

ராதொவன் தாடியைத் தடவினார். பதில் சொன்னது யார்மிலா. "அவன்தான்மா."

"அப்படியா."

குவளையை இரண்டு கையாலும் தூக்கினார். பழக்கமில்லாதவர் குடிக்கிற குடி அது. கண்ணில் நீர் வந்தது, மோவாயில் வழிந்து மழைக்கோட்டில் சொட்டியது, ஆனால் நிறுத்தவில்லை. தொண்டை ஏறி இறங்குவதை அறை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. ஹினெக், "அம்மா, அம்மா, கொஞ்சம் பொறுங்க, அம்மா" என்றான். வடிதட்டு சரிந்து ஒரு கண்ணை மறைத்தது. காலிக் குவளை மேசைமேல் உட்கார்ந்தது. அவர் கைக்குட்டையை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டார்.

அதன் பிறகுதான் திரையில் புள்ளிகள் நின்றன. சிவப்பு எழுத்தில் வந்தது: எழுதியதும் இருப்பதும் பொருந்தவில்லை; இருப்பது பூஜ்ஜியம்.

"விழுந்துடுச்சு!" ஹினெக் துள்ளி எழுந்தான். "பாத்தீங்களாடா? என் திருத்தம் இல்லாமலே விழுந்துடுச்சு! கிடங்கு! ராதொவன், உங்க கிடங்கு!"

எல்லோரும் பார்த்தார்கள். எல்லோருக்கும் புரிந்தது. அங்கே இருந்தவர்கள் யாரும் முட்டாள்கள் இல்லை. ராதொவன் திரையைப் பார்த்தார், குவளையை எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தார், கீழே வைத்தார்.

"குவளை காலி, ஹினெக்."

"ஆனா உங்க கண்ணு முன்னாடியே..."

"விதியை எழுதினது யாரு? நானா?"

பின்வரிசையிலிருந்து ஒரு குரல், மீசையில் நுரை துடைக்கிற மாதிரி பாவனையோடு, "நேரம் முடிஞ்சுது தம்பி, கடையைக் கட்டு!" என்றது. இந்தத் தடவையும் அறை இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. ராதொவன் அந்த மடிக்கணினியிலேயே, அவன் கண்ணெதிரே, சாவிப் பட்டியலில் அவன் வரியை நீக்கினார். கிடங்கை எழுதியவருக்கு வடிதட்டு போட வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் நீதிபதி தலைக்கு யார் கை நீளும்?

ஹினெக் வடிதட்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு வெளியே ஓடினான். லுத்மிலா அம்மா வாசலில் மழைக்கோட்டின் பொத்தானைப் போட முயன்றுகொண்டிருந்தார். பீர் ஏறியிருந்தது, விரல் வழுக்கியது.

"அம்மா, நான் பண்ணலை. பாத்தீங்கல்ல? தப்பு என்னோடது இல்ல."

"பாத்தேன் தம்பி. நீங்க தப்பு பண்ணலை." பொத்தான் உள்ளே போய்விட்டது. "நானும் பண்ணலை."

டிராம் வந்தது. ஏறிப் போய்விட்டார்.

திங்கட்கிழமை ராதொவன் கிடங்கைத் திருத்தினார். அந்தத் திருத்தத்துக்குக் கீழே இரண்டு வரிகள் இருந்தன: பிழையைக் கண்டவர், கமில் வோந்த்ருஷ்கா, சோதனையை எழுதியவர், கமில் வோந்த்ருஷ்கா. யார்மிலா தொலைபேசியில் கமிலைக் கூப்பிட்டிருந்தாள். என்ன பேசினார்கள் என்று ஹினெக்குக்குத் தெரியாது. அந்த வாரமே கமிலுக்குச் சாவி திரும்பக் கிடைத்தது என்று மட்டும் தெரியும். ஹினெக் கூட்டத்துக்கு நீளமாக ஒரு மடல் எழுதினான். சோதனையைக் கொண்டுவந்து சேர்த்தது தான்தான், கிடங்குத் தப்பைத் தானும் தனியாகக் கண்டுபிடித்தவன்தான், காவல்காரனில் இன்னும் முடிக்காத வேலைகள் நிறையக் கிடக்கின்றன, தன்னை விட்டால் வேறு யாருக்கும் அது விளங்காது. யாரும் திட்டி எழுதவில்லை. யாரும் எதுவுமே எழுதவில்லை. அவனாக இருந்தால் திட்டவாவது செய்திருப்பான்.

ராக்கின் புதிய பதிப்பு வந்தது. ஹினெக் வீட்டில் இறக்கிப் போட்டான். வட்டு நிரலைக் கொன்று பார்த்தான், எழுந்தது. கோப்பில் ஓர் எழுத்துகூடச் சேதமில்லை. வலை நிரலைக் கொன்றான், எழுந்தது. பிறகு காவல்காரனையே கொன்றான். காவல்காரன் செத்தால் நடுக்கரு இன்னொரு காவல்காரனை எழுப்பும்; அந்த ஏற்பாட்டையும் அவன்தான் செய்து வைத்திருந்தான், ஒரு குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து. எழும்போது காவல்காரன் திரையில் ஒரு வரி எழுதுவான், அதில் பொறுப்பாளர் பெயர் இருக்கும். ஆரம்பத்திலிருந்து அங்கே அவன் பெயர்தான் இருந்தது.

வரி வந்தது. காவல்காரன் தயார். பொறுப்பு: கமில் வோந்த்ருஷ்கா.

பின்னணியில் ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அது ஒரு கணம்கூடத் தடைபடவில்லை. ஹினெக் மறுபடியும் கொன்றான். மறுபடியும் அதே வரி வந்தது. பாட்டு முடியும்வரை கொன்றுகொண்டே இருந்தான்.